குறை சொன்னால் கட்டியவருக்கு ஏன் கோபம் வருகிறது?

2023 ஜூலை 14, காலை: வாசகர் ஒருவரின் கேள்வி

வீடு கட்டி முடித்து எட்டு மாதம் ஆகிறது. பூச்சில் மூன்று இடங்களில் விரிசல். ஒப்பந்தக்காரரிடம் சொன்னால், "இருபது வருடமாகத் தொழில் செய்கிறேன், என் வேலையைக் குறை சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கைவேலையைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள்தான் குறையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பது என் கருத்து. தொழிலில் இருப்பவர் யாராவது மறுக்க முடியுமா?

2023 ஜூலை 14, இரவு 10.40

மறுக்கிறேன். காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் 22 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறவன் நான். எங்களுக்குக் கோபம் வருவது பெருமையால் அல்ல, பணத்தால். கடைசித் தவணை கைக்கு வராமல் எந்த வேலையிலும் லாபம் கிடையாது. குறை உண்டு என்று ஒப்புக்கொண்ட மறுநிமிடம் அந்தத் தவணை நின்றுவிடும். கம்பிக் கடைக்காரரும் செங்கல் சூளைக்காரரும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அந்தப் பயம் வாய்க்கு வரும்போது கோபமாகிவிடுகிறது.

விரிசலைப் பற்றி நாளை எழுதுகிறேன். காலையில் கான்கிரீட் இருக்கிறது.

2023 ஜூலை 15

எல்லா விரிசலும் குறை அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பூச்சின் மேல் சிலந்திவலை மாதிரி, விரல் நகம்கூட நுழையாத மயிர்க்கோடுகள் வந்தால் பயப்பட வேண்டாம். பூச்சு வேகமாகக் காய்ந்திருக்கும், அல்லது பி சாண்டு என்கிற பூச்சு மணலில் கல் மாவு அதிகம் இருந்திருக்கும், அல்லது வழவழப்புக்காகக் கொத்தனார் மேலே சிமெண்ட் பாலைத் தடவி இழைத்திருப்பார். பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்.

செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேருகிற இடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும் விரிசல் வேறு. இரண்டும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. பூச்சுக்கு முன் அந்த இணைப்பில் கோழி வலை அடிக்காமல் விட்டதன் விளைவு அது. கட்டடம் விழாது, ஆனால் அது கட்டியவரின் குறை. சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிற விரிசல், நாளுக்கு நாள் அகலமாகிற விரிசல், இந்த இரண்டுக்கும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் நீங்களே ஒன்று செய்யலாம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் கலவை வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

உங்கள் மூன்று விரிசலும் எந்த வகை என்று சொல்லாமல் அவர்மேலும் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள்மேலும் முடியாது.

2023 ஜூலை 16

கான்கிரீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டவருக்கு: ஐஎஸ் 456 என்கிற இந்தியத் தர விதி, கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்டாக இருந்தால் குறைந்தது 7 நாள், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டாக இருந்தால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது. பின்னதை 14 நாள்வரை நீட்டிப்பது நல்லது என்றும் சொல்கிறது. இப்போது எங்கள் பக்கம் வீட்டு வேலைக்கு வருவது பெரும்பாலும் கலந்த சிமெண்ட்தான். ஏழு நாள் போதும் என்பது பழைய சிமெண்டோடு வந்த பழக்கம். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எளிது. தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைக்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

2023 ஜூலை 17

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. கோபம் வருவது பணத்தால் என்று எழுதியிருந்தேன். படுத்துக்கொண்டு யோசித்தபோது டீச்சர் வீடு நினைவுக்கு வந்தது. அங்கே எனக்கு வரவேண்டிய பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லை. கிரகப்பிரவேசத்தன்றே தாம்பூலத் தட்டில் வைத்துக் கடைசித் தவணையைக் கொடுத்தவர் அவர். ஆனாலும் அவர் குறை சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் நான் எழுதியது தவறு.

நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கீழும் மேலுமாக வீடு, 2021-ல் முடித்துக் கொடுத்தேன். 2022 ஐப்பசியில், சாப்பாட்டு அறைக் கூரையின் ஒரு மூலையில் ஈரம் தெரிகிறது என்று அழைத்தார். "அடைமழைக் காலம் டீச்சர், வெளிச்சுவர் ஈரத்தை இழுத்திருக்கும், தை பிறந்தால் காய்ந்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை அழைத்தபோதும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது முறை, "தம்பி, நேரில் வந்து பார்த்துவிட்டு இதே வார்த்தையைச் சொல்லுங்கள்" என்றார்.

போனேன். ஈரக்கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒன்றல்ல, ஐந்தாறு கோடு, ஒன்றுக்குள் ஒன்றாக. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் பொடி எழுத்தில் தேதி. நான் அடித்த வெள்ளைப் பெயிண்டின் மேல் பென்சில் கோடு! அதைக் கண்டதும் உள்ளே சுர்ரென்று ஏறியது. "கூரையை இப்படிக் கிறுக்கி வைத்தால் எப்படி டீச்சர்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். ஏறிப் பார்த்தேன்.

மழை விடாமல் கொட்டிய வாரத்தில் கறை சுருங்கியிருந்தது. மழையே இல்லாத அடுத்த வாரத்தில் பெருத்திருந்தது. "மழை கொட்டிய அந்த வாரம் நாங்கள் திருச்சியில் மகள் வீட்டில் இருந்தோம். இங்கே யாரும் குளிக்கவில்லை" என்றார்.

நேர் மேலே குளியலறை. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2023 ஜூலை 18

மீதியைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

முதலில் குழாயில் ஒழுக்கு இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் வரும் குழாயில் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி ஓர் இரவு முழுக்க விட்டோம். காலையில் அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. ஆகவே உள்ளே வருகிற தண்ணீரில் குறை இல்லை, வெளியே போகிற தண்ணீரில்தான். தண்ணீர் வடிகிற தரை ஜாலியைச் சுற்றி நான்கு டைல்ஸை எடுத்தோம். குழாய் தளத்தைத் துளைத்து இறங்குகிற இடத்தில், கான்கிரீட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒன்றரை அங்குலச் சந்து இருக்கும். அதைக் கிரவுட் என்கிற, காய்ந்தாலும் சுருங்காத கலவையை ஊற்றி அடைக்க வேண்டும். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். மேலே அரை அங்குலக் கலவை, பப்படம் மாதிரி உடைந்தது. அதன் கீழே சிமெண்ட் சாக்கைக் கிழித்துச் சுருட்டித் திணித்திருந்தார்கள். குறடு விட்டு இழுத்தபோது சொதசொதவென்று வெளியே வந்தது. சாக்கின் மேல் அச்சிட்ட சிவப்பு எழுத்துகூட அழியவில்லை.

டீச்சர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் தேறியிருப்பேன்.

2023 ஜூலை 18, பிற்பகல்

"டைல்ஸ் ஒட்டும் முன் தரையில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தி, ஒழுகுகிறதா என்று பார்க்கவில்லையா?" என்று திண்டுக்கல் நண்பர் கேட்கிறார். பார்த்தோம். 48 மணி நேரம் நிறுத்தித்தான் பார்த்தோம்.

2023 ஜூலை 19

மேலே எழுதியது பொய். தெரிந்து சொன்ன பொய் அல்ல, ஆனாலும் பொய்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோட்டுப் போடுவது என் பழக்கம். நேற்று இரவு பரணிலிருந்து டீச்சர் வீட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மாலை 6 மணிக்குத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறேன். மறுநாள் காலை 9.30-க்குத் திறந்துவிட்டிருக்கிறேன். பதினைந்தரை மணி நேரம். அன்று காலையில் டைல்ஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர்களைச் சும்மா உட்கார வைத்தால் கூலி போகும். என் கையெழுத்தில் பக்கத்திலேயே "ஓகே" என்று எழுதியிருக்கிறது.

அரை அங்குலக் கலவை ஓர் இரவு தாங்கியிருக்கிறது. இரண்டு நாள் விட்டிருந்தால் அன்றே கீழே சொட்டியிருக்கும். சாக்கைத் திணித்தது யாரோ ஒரு பையன். அதற்குக் காவலாக இருந்த ஒரே சோதனையைப் பாதியில் நிறுத்தியவன் நான். இரண்டு வருடத்தில் என் மனது 15½ மணியை 48 மணியாக்கிவிட்டது. எந்த நியாயத்தைச் சொல்லி டீச்சரிடம் குரலை உயர்த்தினேனோ, அந்த நியாயமே இப்படித் தயாரானதுதான்.

கேள்வி கேட்ட வாசகரே, உங்கள் ஒப்பந்தக்காரரும் பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லாமல் இருக்கலாம். நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

2023 ஜூலை 23, ஞாயிறு

"அந்தப் பையனை என்ன செய்தீர்கள்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பிளம்பரின் உதவியாள், அப்போது பத்தொன்பது வயது. இப்போது தேவகோட்டைச் சாலையில் வேறு ஒருவரிடம் வேலை பார்க்கிறான். குளியலறையை உடைத்த அன்றே போய்ப் பிடித்தேன். அடிக்கிற வேகத்தில்தான் போனேன். வண்டியை நிறுத்துவதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. "கிரவுட் பை தீர்ந்துபோச்சுண்ணே. நீங்க அன்னிக்கு இன்னொரு இடத்துல கான்கிரீட்ல இருந்தீங்க. போன் பண்ணினா திட்டுவீங்க" என்றான்.

திட்டியிருப்பேனா? யோசித்துப் பார்த்தேன். கட்டாயம் திட்டியிருப்பேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கொத்தனார் கதவு நிலை கால் அங்குலம் சாய்ந்துவிட்டது என்று தானாக வந்து சொன்னார். எல்லாருக்கும் முன்னால் வைத்து அவரைக் கிழித்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இந்தப் பையனும் ஒருவன். குறையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அவன் கற்றுக்கொண்டதைத்தான் செய்தான்.

இப்போதும் கோபம் வருகிறது, மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வழக்கத்தை அன்றிலிருந்து விடவில்லை. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "இந்த வாரம் மூடினதில் உனக்கு மனசு ஒப்பாத இடம் எது?" என்று கேட்கிறேன். சொன்னால் உடைத்துச் சரிசெய்யும் செலவு என்னுடையது, அவர்கள் கூலியில் பிடிக்க மாட்டேன். முதல் ஒன்றரை மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சித்தாள் அம்மாள்தான் முதலில் சொன்னார், மாடிப்படியின் அடியில், கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக் வைக்காமல் கான்கிரீட் போட்டுவிட்டார்கள் என்று. போய்ப் பார்த்தோம். பலகை பிரித்ததும் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்குக் கவர் பிளாக் என்ற பெயர் தெரியாது. "அந்தச் சின்னக் கல்லு" என்றுதான் சொன்னார்.

2023 ஜூலை 24

செலவைக் கேட்டவருக்கு: டீச்சர் வீட்டில் உடைத்தது நான்கு டைல்ஸ். ஆனால் அதே நிறச் சாயலில் மறுபடி கிடைக்கவில்லை. நான்கு மட்டும் வேறு சாயலில் ஒட்டினால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரித் தெரியும். முழுத் தரையையும் எடுத்து மறுபடி போட்டேன், கூரைக்கும் பெயிண்ட் அடித்தேன். மொத்தம் 31,000 ரூபாய் சொச்சம். டைல்ஸுக்கு மட்டும் பணம் தருகிறேன் என்று டீச்சர் சொன்னார். வாங்கவில்லை.

இந்த முறை மூன்று முழு நாள் தண்ணீர் நிறுத்தினேன். காவலுக்கு டீச்சரின் பென்சில்.

2023 ஜூலை 30

இதற்கு நேர் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் எழுதத் தோன்றுகிறது. இன்று கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். நூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். கையால் தடவினால் பளிங்கு மாதிரி குளிர்கிறது. அரைத்த சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு அது. பூசியவர் பெயர் எங்கும் இல்லை. கட்டிய செட்டியார் குடும்பத்தின் பெயர் முகப்பில் இருக்கிறது.

தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது. கண்ணாடியில் பட்ட முகம்தான் கல்லின் முகம். செய்கிறவர் அதைத் திருப்பிப் பார்க்கும்வரை பிழை தெரியாது. பிழை இருந்தால் கழித்துக்கட்டிவிட்டு அடுத்ததைச் செய்ய வேண்டியதுதான், ஒட்டுப்போட வழியில்லை.

என்னிடம் 68 வயது மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். பூச்சு முடிந்த அன்று இரவு, ஒரு பல்பைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பார். பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அவரே சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் அவரே வந்து அந்த இடங்களைக் கொத்திவிட்டு, பூச்சைத் தேய்த்துச் சமன்செய்கிற மணியாஸ் கட்டையை எடுப்பார். வீட்டுக்காரர் குறை சொல்ல இடமே இருக்காது. ஒருமுறை வீட்டுக்காரர் ஒருவர் அந்தச் சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை தப்பா?" என்று சத்தம் போட்டார். மேஸ்திரி கரணையைக் கழுவிக்கொண்டே, "அது என் கணக்கு ஐயா, உங்கள் கணக்கு நாளைக்கு" என்றார்.

2023 ஆகஸ்ட் 6

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டதற்கு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டி விற்கிறவர் ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறைபாடு தெரியவந்து முறையிட்டால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும் என்கிறது. அது கட்டி விற்பவர்களுக்கு. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டிக் கொடுக்கிற என் போன்றவனுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆகவே உங்கள் ஒப்பந்தத் தாளில் என்ன எழுதுகிறீர்களோ அதுதான் உங்கள் கைப்பிடி. நான் இப்போது அந்த 5 வருடத்தையே என் தாளிலும் எழுதித் தருகிறேன். மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் நானே சொல்கிறேன். தொழிலில் இருக்கும் சிலர் இதற்காக என்மேல் வருத்தப்படுகிறார்கள். படட்டும்.

2023 ஆகஸ்ட் 20

நான் எழுதியதைப் படித்துவிட்டு, வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் சரி என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

போன மாதம் ஒரு கூரைக் கான்கிரீட். வீட்டுக்காரரின் மைத்துனர் பக்கத்தில் நின்றுகொண்டு, கலவை கட்டியாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாளி தண்ணீர் விடச் சொல்லுங்கள் என்றார். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதில் பாதி எடை தண்ணீர், 25 லிட்டர், அதற்கு மேல் போகக்கூடாது என்பது எங்கள் கணக்கு. கூடுதலாக ஊற்றுகிற தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது கான்கிரீட்டில் ஓட்டையை விட்டுவிட்டுப் போகும். கூரை தேன்கூடு மாதிரி ஆகிவிடும். முடியாது என்றேன். "வேலை தெரியாதவர்" என்று சித்தாட்கள் காதில் விழும்படி சொன்னார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அவரைத் தனியே நிழலுக்கு அழைத்துப் போய், ஒரு டப்பாவில் இரண்டு விதமாகவும் கலந்து காட்டினேன். பத்து நிமிடம் ஆயிற்று. சமாதானம் ஆனாரா என்று தெரியாது, ஆனால் தண்ணீர் விடவில்லை.

முன்பென்றால் அங்கேயே கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேரில் யார் பெரியவர் என்று பார்ப்பார்களே ஒழிய, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள்.

ஜூலை 14-ல் பணம்தான் காரணம் என்று எழுதியதை முழுக்கத் திரும்பப் பெறவில்லை. பணமும் காரணம். ஆனால் டீச்சர் வீட்டில் எனக்கு எரிந்தது வேறு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடம், "தம்பி சொந்த வீடு மாதிரிக் கட்டிக் கொடுத்தார்" என்று சொல்லியிருந்தார் டீச்சர். அந்தப் பேச்சைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்ட வாசகர் சொன்னதில் பாதி சரி.

2023 நவம்பர் 16

தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க டீச்சர் கூப்பிட்டிருந்தார். நேற்றுதான் போக முடிந்தது. முதல் வேலையாகச் சாப்பாட்டு அறைக் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, இன்னொன்று" என்றார். மாடிப்படியின் முதல் படி மட்டும் உயரம் குறைவாக இருக்கிறதாம், இறங்கும்போது கடைசியில் கால் தரையில் மோதுகிறதாம். முழங்கால் வலி வந்த பிறகுதான் தெரிகிறது என்றார். நாடா வைத்து அளந்தேன். மற்ற படிகள் 6 அங்குலம், அது மட்டும் 4¾. படி போட்ட பிறகு கூடத் தரையை நினைத்ததைவிட உயர்த்திவிட்டோம். அந்தக் கணக்கைப் படியில் சேர்க்க மறந்திருக்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை அந்தப் படியில் ஏறி இறங்கியிருப்பேன்.

ஒரு படியை மட்டும் உயர்த்தினால் குறை அடுத்த படிக்குப் போய்விடும். எல்லாப் படிகளின் மேல் கல்லையும் எடுத்துவிட்டு, அந்த 1¼ அங்குலத்தைப் பிரித்துப் போட வேண்டும். மொத்தம் 18 படி. நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கார்த்திகை மழை விட்டதும் ஆரம்பிக்கிறோம், மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.